கேட்க வைக்காத உதவி

(தலைப்பு: துன்பக் காலத்தில் மனிதரைப் பெரிதும் தாங்கி நிற்பது ஊரறியச் செய்யும் பேருதவியா, ஓசைப்படாமல் செய்யும் சிற்றுதவியா? ‘ஓசைப்படாமல் செய்யும் சிற்றுதவியே’ என்ற அணியின் பேச்சு.)

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் பேசி முடித்ததும் அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஊரறியச் செய்கிறவர்களுக்குக் கைதட்டல் கிடைக்காவிட்டால் மனசு ஒடிந்துவிடும், பாவம். எங்கள் அணிக்கு அந்தக் கவலை கிடையாது. நீங்கள் தட்டாமல் இருந்தாலும் சரி, ஓசைப்படாமல் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தால் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் சொன்னதன் சுருக்கம் இது: பெரிய துன்பத்துக்குப் பெரிய உதவிதான் மருந்து. அதற்குப் பணம், ஆள்பலம், அமைப்பு, விளம்பரம் எல்லாம் வேண்டும். தனி மனிதர் சத்தமில்லாமல் செய்கிற சின்னச் சின்ன நல்ல காரியம் மனசுக்கு ஒரு ஆறுதல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதைச் சொல்லிவிட்டு மேசையை ஒரு தட்டுத் தட்டி, “செஞ்சிலுவைச் சங்கத்தைப் பாருங்கள்!” என்றார்.

பார்த்துவிடுவோம். அதற்கு முன்னால் ஒன்றை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லையென்றால் நடுவில் எழுந்து கேட்பார்கள். வெள்ளம் சூழ்ந்த வீட்டுக்குப் படகுதான் வரவேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டும். பேருதவியே வேண்டாமென்று எங்கள் அணியில் ஒருவரும் சொல்லவில்லை. படகு கரையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஒரு நீண்ட காலம் இருக்கிறதே, அதை ஒரு மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்? எங்கள் வழக்கு அதைப் பற்றியது.

இப்போது செஞ்சிலுவைச் சங்கம். 1859 ஜூன் 24. வட இத்தாலியில் சோல்ஃபெரினோ என்ற இடத்தில் ஒரு பக்கம் பிரெஞ்சு, சார்டினியப் படைகள், மறுபக்கம் ஆஸ்திரியப் படை. ஒரே நாள் சண்டையில் பல்லாயிரம் பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். ஹென்றி டுனான்ட் என்ற சுவிஸ் வணிகர், சொந்தத் தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசரைச் சந்திக்க அந்தப் பக்கம் வந்தவர், பக்கத்து ஊரான காஸ்திலியோனேயில் மாட்டிக்கொண்டார். தேவாலயத்துக்குள் வரிசை வரிசையாகக் காயக்காரர்கள். மருத்துவர்கள் போதவில்லை. அவரும் ஊர்ப் பெண்களும் தண்ணீர் கொடுத்தார்கள், காயத்தைக் கழுவினார்கள், துணி கிழித்துக் கட்டுப் போட்டார்கள். இவன் எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்கவில்லை. ‘எல்லோரும் சகோதரர்கள்’ என்பதுதான் அந்தப் பெண்களின் வாயில் வந்த பேச்சு. 1862-ல் டுனான்ட் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார், 1863-ல் ஜெனீவாவில் ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது, சங்கம் பிறந்தது. ஐந்து பேரின் பெயரும் வரலாற்றில் இருக்கிறது. தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள் ‘ஊர்ப் பெண்கள்’ என்று ஒரே சொல்லில் முடிந்துபோனார்கள்.

இதுவரை பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது அதற்குப் பிறகு நடந்தது.

1867-ல் டுனான்ட் திவாலானார். ஊருக்கெல்லாம் ஜெனீவாக்காரர், சொந்த ஜெனீவாவில் தலைகாட்ட முடியவில்லை. அவர் தொடங்கிய குழுவே அவரைத் தள்ளி வைத்தது. அடுத்த இருபது ஆண்டு அவர் வறுமையில் உழன்றார். அந்த நாட்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். நைந்துபோன கறுப்பு அங்கியின் மேல் மையைத் தடவிக்கொள்வாராம். சட்டைக் கழுத்துப்பட்டை அழுக்கு தெரியாமல் இருக்கச் சாக்கட்டியைத் தேய்த்துக்கொள்வாராம்.

நடுவர் அவர்களே, இந்தச் சாக்கட்டியை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு நான் திரும்ப வருவேன்.

அந்த இருபது ஆண்டில் செஞ்சிலுவைச் சங்கம் நாடு நாடாகப் பரவிக்கொண்டிருந்தது. கொடி இருந்தது, நிதி இருந்தது, மாநாடுகள் நடந்தன. அதைத் தொடங்கிய மனிதரைத் தாங்கியது எது? தூரத்து உறவினர் சிலர் மாதாமாதம் அனுப்பிய சிறு தொகை. அப்புறம், ஹைடன் என்ற சுவிஸ் சிற்றூரில் ஒரு மருத்துவர் தம் மருத்துவமனையில் ஒதுக்கித் தந்த ஒரு அறை. 1892-ல் அந்த அறைக்குள் போனவர், 1910-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். ஒரு பத்திரிகையாளர் 1895-ல் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் உலகத்துக்கு அவர் நினைவு வந்தது. 1901-ல் முதல் அமைதி நோபல் பரிசில் பாதி அவருக்கு. வெளிச்சம் வந்தது, நல்லதுதான். ஆனால் வெளிச்சம் வரும்வரை அந்த ஆள் உயிரோடு இருக்கவேண்டுமே! இருக்க வைத்தது எங்கள் அணிக்காரர்கள்.

எதிரணித் தலைவர் தமக்கு ஆதாரம் என்று எடுத்துவந்த ஆவணத்தை நான் எனக்குச் சாட்சியாகப் பதிவு செய்துகொள்கிறேன்.

இப்போது அந்தச் சாக்கட்டி. ஒரு மனிதருக்குக் கஷ்டம் வந்தால் முதலில் போவது பணம் என்று நினைக்கிறோம். பணம் போனதை அவர் சமாளித்துக்கொள்வார். போனது நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்பதைத்தான் தாங்கமாட்டார். அதனால்தான் சாக்கட்டி. வேலை போனவர் காலையில் குளித்து, உடுத்தி, பையை மாட்டிக்கொண்டு பூங்காவில் போய் உட்காருகிறார். வீட்டில் மரணம் நடந்தவர் அலுவலகத்தில் சத்தமாகச் சிரிக்கிறார். அவரவருக்கு ஒரு சாக்கட்டி. இப்படி மறைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் பேருதவி எப்படி வருகிறது? விண்ணப்பப் படிவமாக வருகிறது. ‘வறுமைக்கு ஆதாரம் இணைக்கவும்’ என்று வருகிறது. வரிசையாக வருகிறது. அப்புறம் புகைப்படமாக வருகிறது. அந்தப் புகைப்படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்னப் பொட்டலம், அதைப் பிடித்தபடி ஏழு கைகள். ஏழு முகமும் கேமராவைப் பார்க்கும். எட்டாவது முகம் தரையைப் பார்க்கும். பொட்டலம் அந்த எட்டாவது ஆளுக்கு.

இந்த வேதனை இன்று நேற்று வந்ததல்ல. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படியாக வகுத்தார். கேட்டபின் கொடுப்பதற்கு மேலே, கேட்கும் முன்பே கொடுப்பது. அதற்கும் வெகு மேலே, கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்கும் வாங்கியவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியாமல் கொடுப்பது. அதற்கு மேல் ஒரே ஒரு படிதான்: வேலையோ கடனோ கூட்டுத் தொழிலோ தந்து, அவர் இனி யாரிடமும் வாங்கவேண்டியிராதபடி நிறுத்திவிடுவது. மேலே போகப் போக வாங்குகிறவர் தலை நிமிர்ந்துகொண்டே வருகிறது பாருங்கள். மேடை போட்டுக் கொடுக்கும் வழக்கத்துக்கு அந்த எட்டில் எந்தப் படி என்று எதிரணியே கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

சரி, படிவம் வேண்டாம், புகைப்படம் வேண்டாம், நேரில் வந்து “எதுவானாலும் கேளு, கூச்சப்படாதே” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்? நல்லவர்கள்தான், மனதாரச் சொல்கிறவர்கள்தான். ஆனால் அந்த வாக்கியம் என்ன செய்கிறது? துன்பத்தில் இருக்கிறவருக்கு மூன்று புது வேலை கொடுக்கிறது. என்ன வேண்டும் என்று அவரே யோசிக்கவேண்டும், எவரிடம் கேட்கலாம் என்று அவரே முடிவு செய்யவேண்டும், கடைசியில் வாயைத் திறந்து அவரே கேட்கவேண்டும். ஓசைப்படாமல் செய்கிறவர் இந்த மூன்றையும் தம் தலையில் எடுத்துக்கொள்கிறார். எங்கள் அணியின் உதவியைச் சிற்றுதவி என்கிறார்கள். அளவில் சிறிதுதான். அடுத்தவருக்கு என்ன தேவை என்று அவர் சொல்லாமல் கண்டுபிடிப்பது சின்ன உழைப்பா?

என் தந்தையார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வெளியே வராந்தாவில் நாற்காலி வரிசை. பார்க்க வந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள், நின்றார்கள், அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள், போனார்கள். பக்கத்து நாற்காலியில் ஒருவர். அவருடைய மனைவி உள்ளே, என் தந்தைக்கு இரண்டு படுக்கை தள்ளி. இரவு மிகவும் நேரமாகிவிட்டது, நான் தூக்கத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன். “சார், தலையைச் சாய்ங்க. டாக்டர் கூப்பிட்டா நான் எழுப்புறேன்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் தூங்கிவிட்டேன். சொன்னபடியே எழுப்பினார். பதறி எழுந்து கண்ணாடியைத் தேடினால் மடியில் இல்லை, கீழேயும் இல்லை. தூக்கத்தில் அது நழுவி விழுந்திருக்கிறது. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று எடுத்துத் தம் சட்டைப் பையில் வைத்திருந்திருக்கிறார். துடைத்துக் கையில் கொடுத்தார். நான் உள்ளே போய் மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தேன். பாதி புரியவில்லை. வெளியே வந்ததும், மருத்துவர் சொன்ன மருந்துப் பெயர்களைக் கதவருகில் நின்று கேட்டுக் காகிதத்தில் குறித்து வைத்திருந்தார், அதை நீட்டினார். தம்முடைய கவலையையும் வைத்துக்கொண்டு என்னுடைய காதாகவும் இருந்திருக்கிறார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றும் நேரம் வந்தபோது அவர்கள் வார்டு மாறிவிட்டார்கள்.

வந்துபோன கூட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் “கூச்சப்படாதே” என்று சொல்கிறவரிடம்தான் கூச்சம் அதிகமாக வருகிறது. இது ஏன் என்று யாராவது ஆராய்ச்சி செய்யக்கூடாதா என்று நினைத்ததுண்டு. செய்திருக்கிறார்கள்.

நையல் போல்ஜர் என்ற உளவியலாளரும் அவர் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அது. நியூயார்க் மாநிலத்தில் வழக்கறிஞர் ஆவதற்கு ஒரு கடுமையான தேர்வு உண்டு. அதற்குப் படித்துக்கொண்டிருந்தவர்களையும் அவர்கள் துணைவர்களையும் தினமும் தனித்தனியே குறிப்பு எழுதச் சொன்னார்கள். படிக்கிறவர் எழுதவேண்டியது: இன்று என் துணையிடமிருந்து எனக்கு ஆதரவு கிடைத்ததா, என் மனநிலை எப்படி? துணைவர் எழுதவேண்டியது: இன்று நான் ஆதரவு கொடுத்தேனா? பிறகு இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆதரவு கிடைத்தது என்று படிக்கிறவர் உணர்ந்து எழுதியபோது அவருடைய மனச்சோர்வு குறையவில்லை, கூடியது! துணைவர் ‘கொடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறார், படிக்கிறவரோ அதைக் கவனிக்கவே இல்லை. அப்படிப்பட்ட ஆதரவுதான் சோர்வைக் குறைத்தது.

காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். உதவி கண்ணில் பட்டதும் கூடவே இரண்டு எண்ணம் வருகிறது. ஒன்று, ‘நான் தனியாகச் சமாளிக்கமாட்டேன் என்று இவர் முடிவு கட்டிவிட்டாரா?’ இன்னொன்று, ‘இதை எப்படித் திருப்பிச் செய்யப்போகிறேன்?’ ஏற்கெனவே சுமக்க முடியாதவர் தலையில் இன்னும் இரண்டு மூட்டை. கண்ணில் படாத உதவியில் மூட்டை குறைகிறது, புதிதாக ஒன்றும் ஏறுவதில்லை. புரிந்துகொண்டு கொடுத்தால் வெளிப்படையான ஆதரவும் நல்லதே செய்யும் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அதை நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு ஒரு குறிப்பு மிச்சம். ஆனால் ‘புரிந்துகொண்டு’ என்ற நிபந்தனை இருக்கிறதே, அதை மைக்கும் மாலையுமாக வருகிறவர்களிடம் எதிர்பார்க்க முடியுமா?

இடையில் ஒன்று. ஓசையில்லாமல் உதவுவது என்றதும் சிலர் வேறு ஒன்றை இதற்குள் நுழைத்துவிடுகிறார்கள். நண்பர் வீட்டில் மரணம். என்ன பேசுவதென்று தெரியவில்லை, போகாமலே இருந்துவிடுகிறார்கள். கேட்டால், “தொந்தரவு கொடுக்கவேண்டாமென்று நினைத்தேன்” என்பார்கள். அது ஒதுங்கிக்கொள்வது. அவர்களை எங்கள் அணியில் சேர்க்காதீர்கள். எதிரணியும் சேர்த்துக்கொள்ளாது. அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

சின்னதாக, எதையும் திருப்பிக் கேட்காமல், ஆனால் விடாமல் செய்கிற ஒன்று என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ. 1969 முதல் தொடங்கிய ஆய்வு. மன அழுத்தத்தாலோ உயிரை விடும் எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு வெளியே வந்தவர்களில், தொடர் சிகிச்சை வேண்டாமென்று மறுத்தவர்கள் அல்லது பாதியில் நிறுத்தியவர்கள் 843 பேர். மருத்துவம் நீட்டிய பெரிய கையைத் தட்டிவிட்டவர்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு எதுவும் அனுப்பவில்லை. இன்னொரு பிரிவினருக்கு, மருத்துவமனையில் அவர்களிடம் பேசிப் பழகியவரிடமிருந்து ஒரு கடிதம். இரண்டே வரி. நீங்கள் இங்கே வந்து போய்ச் சில காலம் ஆகிவிட்டது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். எழுத நினைத்தால் எழுதுங்கள், மகிழ்வோம். இவ்வளவுதான் அதன் சாரம்.

மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. திரும்பி வாருங்கள் என்று அழைக்கவில்லை. அறிவுரை ஒரு சொல் இல்லை. முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அதன் பிறகு நான்கு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஐந்து ஆண்டில் 24 கடிதம். 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஐந்து ஆண்டிலும் கடிதம் வந்த பிரிவில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் விகிதம் மற்றப் பிரிவைவிடக் குறைவு. முதல் இரண்டு ஆண்டில் அந்த வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

எதிரணி அம்மையார் தலையசைக்கிறார். என்ன நினைக்கிறார் என்று தெரிகிறது. ‘அது மருத்துவமனை அனுப்பிய கடிதம்தானே, அமைப்புதானே?’ ஆமாம் அம்மா, அமைப்புதான். சத்தம் போடாமல் இருக்கக் கற்றுக்கொண்ட அமைப்பு. அப்படிப்பட்ட அமைப்புகளை எங்கள் அணிக்குத் தாராளமாக அனுப்பிவையுங்கள்.

அம்மையார் என்றதும் அவர் வாதம் நினைவுக்கு வருகிறது. நல்ல வாதம், நான் மறுக்கவில்லை. ‘கண்ணுக்குத் தெரிந்தால்தானே நாலு பேர் பார்த்துத் தாங்களும் செய்வார்கள்?’ என்றார். நிக்கோலஸ் வின்டனை உதாரணம் காட்டினார். 1939-ல், போர் மூளும் முன்பாக, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 669 குழந்தைகள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள், ரயிலேறி பிரிட்டனுக்குத் தப்ப ஏற்பாடு செய்த பங்குத் தரகர் அவர். 1988-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் உட்கார்ந்திருக்க, அவரால் பிழைத்தவர்கள் அவரைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். அம்மையார் அந்தக் காட்சியைச் சொன்னபோது இங்கே பலருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

ஆனால் அம்மா, 1939-க்கும் 1988-க்கும் நடுவில் 49 ஆண்டு. அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள், படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள், சிலர் பேரன் பேத்தி எடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களைக் காப்பாற்றியவர் பெயர் தெரியாது. பெயர் தெரியாததால் அந்த உதவியில் ஏதாவது குறைந்துபோயிற்றா? வாழ்க்கை முழுசாகத்தானே கிடைத்தது? தொலைக்காட்சி வந்தது பார்க்கிற நமக்கு நல்லது. தாங்கும் வேலை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிராகாவில் டோரீன் வாரினர் என்ற பெண்மணி, டிரெவர் சாட்விக் என்ற பள்ளி ஆசிரியர் என்று இருவர் இருந்தார்கள். வின்டன் சில வாரத்தில் லண்டன் திரும்பி அங்கிருந்து வேலை செய்தார். இவர்கள் நாஜிகள் நுழைந்த நகரத்திலேயே நின்று வேலை செய்தவர்கள். வாரினர் 1972-லும் சாட்விக் 1979-லும் இறந்துவிட்டார்கள். கேமரா வந்தபோது அவர்கள் இல்லை. அந்தக் குழந்தைகளைத் தம் வீட்டுப் படுக்கையறையில் சேர்த்துக்கொண்டு, அழுத இரவுகளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எத்தனை! வெளிச்சம் எப்போதும் ஒருவர்மேல் விழுகிறது. வின்டன் அதைப் புரிந்தவர், மற்றவர்கள் பங்கை அவரே எடுத்துச் சொன்னவர். அதனால் சொல்கிறேன், பார்த்துச் செய்வார்கள் என்ற வாதத்தில் ஒரு ஆபத்து உண்டு. பார்ப்பவர்கள் செயலைக் கற்றுக்கொள்கிறார்களா, வெளிச்சத்தைக் கற்றுக்கொள்கிறார்களா?

அடுத்து, எதிரணியின் தம்பி. துடிப்பாகப் பேசினார். ‘ரகசியமாகச் செய்தால் வாங்கியவர் எப்படி நன்றி சொல்வார்? நன்றி சொல்லும் உரிமையையே பறிக்கிறீர்களே!’ என்றார். தம்பி, கேள்வி அழகாக இருக்கிறது. ஆனால் நன்றி கொடுத்தவரிடமே திரும்பிப் போகவேண்டும் என்று யார் சொன்னது? டுனான்ட் சாகும்போது, ஹைடன் மருத்துவமனைக்கு ஒரு தொகை எழுதி வைத்துவிட்டுப் போனார். எதற்கு? அந்த வட்டாரத்து ஏழை ஒருவருக்காக அங்கே எப்போதும் ஒரு இலவசப் படுக்கை இருக்கவேண்டும் என்பதற்கு. தம்மைத் தாங்கியவர்களுக்கு அவர் சிலை வைக்கவில்லை. தமக்குக் கிடைத்தது அடுத்தவருக்கும் கிடைக்க வழி செய்தார். இதைவிட உருப்படியான நன்றி ஒன்று இருந்தால் தம்பி சொல்லட்டும், கற்றுக்கொள்கிறேன். மேடையில் வாங்குகிறவருக்கு நன்றியைத் தள்ளிப் போடும் உரிமைகூடக் கிடையாது. கையில் மைக்கைக் கொடுத்து, “இரண்டு வார்த்தை பேசுங்கள்” என்பார்கள். உடனே சொல்லவேண்டும், கண்ணீரோடு சொன்னால் இன்னும் விசேஷம்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். முடித்துக்கொள்கிறேன், ஒரே ஒரு விஷயம்.

அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் 2022-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குளிர்காலம், சிகாகோவில் ஒரு பனிச்சறுக்குத் திடல். அங்கே வந்த சிலரிடம், உங்களுக்கு ஒரு கோப்பை சூடான சாக்லேட் பானம், விருப்பமிருந்தால் அதை முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள். கொடுத்தவர்களிடம் கேட்டார்கள்: வாங்கியவர் இதை எவ்வளவு பெரிதாக நினைப்பார், அவர் மனசு எப்படி இருக்கும்? வாங்கியவரிடமும் தனியாகக் கேட்டார்கள். கொடுத்தவர்கள் போட்ட கணக்கு குறைவாகவே இருந்தது. வாங்கியவர்கள் அதைவிடப் பெரிதாக நினைத்திருந்தார்கள். கொடுத்தவர் கோப்பையை மட்டும் எண்ணுகிறார். வாங்கியவர், ஒரு மனிதர் தம்மை நினைத்ததையும் சேர்த்து எண்ணுகிறார்.

எதிரணியில் இதுவரை பேசிய மூவரும் இந்தத் தப்புக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். ‘சின்ன உதவியால் என்ன ஆகிவிடும்?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி கொடுக்கிறவர் நிற்கும் இடத்திலிருந்து கேட்கிற கேள்வி. எத்தனை பேருக்குக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவர்கள் காட்டிய கணக்கு எல்லாமே கொடுத்தவர் வீட்டுக் கணக்கு. வாங்கியவர் வாக்குமூலம் ஒன்றுகூட வரவில்லை. எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். மேடையில் மாலையோடும் புகைப்படத்தோடும் உதவி வாங்கிய ஒருவர், அதைப் பிற்பாடு ஆசையாக எடுத்துச் சொன்ன ஒரே ஒரு சம்பவத்தை அவர் சொல்லட்டும். சொன்னால் நானே எழுந்து தட்டுகிறேன். சொல்ல முடியாவிட்டால், நடுவர் அவர்களே, என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நன்றி, வணக்கம்.